தாத்தா குரல் சுண்டெலிக் குரலான கதை: டெர்மினல் பிளேயரை சோர்ஸ்ல இருந்து கட்டினவங்க வாங்க

கொட்டகலைக் குளிர்

டெர்மினல்ல கட்டளை தட்டிப் பாட்டு போடுற சிமஸ் பிளேயர் என்னன்னு தெரியாதவங்க இந்தப் பக்கம் வரப் போறதில்ல, அதனால முன்கதை சுருக்கமா.

காமனுக்குக் கம்பம் நட்ட வாரம் லீவு போட்டு வீட்டுக்கு வந்தேன். தாத்தா காமன் பாட்டு பாடின கேசட் ஒண்ணு அப்பாயிக்கிட்ட இருக்கு, கவர்ல "86 மாசி"ன்னு பேனையால எழுதி. மாமாவோட பழைய செட்ல அதைப் போட்டு, முன்னால போனை வச்சு வொய்ஸ் ரெக்கோடர்ல எடுத்தாச்சு. எம்4ஏ கோப்பு, 41 நிமிஷம். என் லெப்டொப்ல ரேம் 2 ஜிபி, பெரிய பிளேயர் எதைத் திறந்தாலும் அதுக்கு மூச்சு வாங்கும். சிமஸ்தான் தோது.

கொழும்பு போர்டிங்ல இருக்கும்போது சிஸ்டத்தை முழுசா அப்டேட் பண்ணியிருந்தேன். ஓடியோ கோப்புகளைப் பிரிச்சுப் படிக்கிற லைப்ரரியான எஃப்எஃப்எம்பெக், 7 வந்து உட்கார்ந்திருச்சு. முன்னால நானே கட்டி வச்சிருந்த சிமஸ், எம்4ஏ எதையும் தொட மாட்டேங்குது. கையில இருந்தது பென் டிரைவ்ல கிடந்த பழைய சோர்ஸ் டார் (சிமஸோட கோடை மூட்டை கட்டி வச்ச கோப்பு) மட்டும். எங்க லயத்துல (தோட்டத்து வரிசை வீடு) சிக்னல் வேணும்னா தேயிலை ஸ்டோர் மேட்டுக்கு ஏறணும். ராத்திரியில அட்டைக்குக் காலைக் குடுத்துக்கிட்டு யாரு ஏறுவா?

கன்ஃபிகர் ஓடிச்சு. கோடைப் புரோகிராமாக் கட்டுற மேக் கட்டளையை அடிச்சா எஃப்எஃப்எம்பெக் பிளக்இன்ல நின்னுருச்சு. "சேனல்ஸ்"ங்கிற உறுப்பே அந்த ஸ்ட்ரக்ட்ல இல்லையாம். ஹெடரைத் திறந்து பார்த்தா "சிஎச் லேஅவுட்"னு புதுசா ஒண்ணு இருக்கு. 5.1-ல புதுசைக் கொண்டுவந்து, 7-ல பழசைத் தூக்கிட்டாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சிச்சு. நான் மாத்த வேண்டியிருந்தது மூணு இடம். ரெண்டை ஒழுங்கா மாத்தினேன். மூணாவது, இந்தப் பாட்டுக்கு எத்தனை சேனல்னு சிமஸுக்குச் சொல்ற வரி. மணி ஒண்ணு. குளிர்ல விரல் மடங்கல. எல்லாப் பாட்டும் ஸ்டீரியோதானேன்னு அங்க 2-ன்னு எழுதிட்டுப் படுத்துட்டேன். சினிமாப் பாட்டு நாலு போட்டுப் பார்த்தேன், தங்கமா ஓடிச்சு.

காலையில மாமா, சின்னம்மா, பக்கத்துக் காம்பரா பிள்ளைங்க எல்லாரும் அடுப்பு ஓரமா உட்கார்ந்தாச்சு. என்டர் தட்டினேன். தப்பு மேளச் சத்தம் தகரத்துல கல்மழை விழுந்த மாதிரி வந்திச்சு. அது மேல தாத்தா, சுண்டெலி மாதிரி. பிள்ளைங்க உருண்டு சிரிக்குதுங்க. அப்பாயி சிரிக்கல. லெப்டொப்புக்குப் பின்னால எட்டிப் பார்த்துட்டு, "இது யாரு? அந்த மனுசன் எங்க?"ன்னு கேட்டாங்க. எனக்கு இன்னும் மறக்காதது அந்த எட்டிப் பார்வைதான்.

மொத்தம் 41 நிமிஷம்னு காட்டுது, பாட்டு 20 நிமிஷம் 30 செகண்ட்ல முடியுது. சரியாப் பாதி. பாதின்னதும் பொறி தட்டிச்சு: போன் ரெக்கோடர் மோனோ. ஒரு சேனலுக்கான டேட்டாவை இடது ஒண்ணு, வலது ஒண்ணுன்னு மாறி மாறிப் பிடுங்கினா ரெண்டு மடங்கு வேகம், குரல் ஒரு ஸ்தாயி மேல. அந்த 2-ஐ அழிச்சு, கோப்புல உள்ள எண்ணிக்கையை வாசிக்கிற மாதிரி மாத்தினேன். அஞ்சு நிமிஷ வேலை.

மறுபடி போட்டேன். அப்பாயி கண்ணை மூடிக் கேட்டுட்டு, "ஆளு வந்துட்டாரு. ஆனா குரல் இன்னும் சன்னமா இருக்கு. அவருக்குக் கட்டைக் குரல்"னாங்க. ரெண்டு நாளாத் தேடுறேன். செகண்டுக்கு 44100 சாம்பிள்னு பதிஞ்சதை 48000-ஆப் படிக்குதோன்னு பார்த்தேன், இல்ல. வாவ் கோப்பா ஆக்கி, ஏபிளேங்கிற கட்டளையில நேராப் போட்டாலும் அதே குரல். உங்களுக்கு இப்படி எதுவும் நடந்திருந்தா எழுதுங்க.

நோர்வூட் நெட்வேர்க்

தம்பி, முதல்ல ஒரு கேள்வி. இந்தக் காலத்துல யாரு சோர்ஸ்ல இருந்து கட்டுறா? எம்பிடிங்கிற பாட்டு சர்வரைப் போடுங்க. அது தன்பாட்டுக்குப் பின்னணியில ஓடும், 6600 போர்ட்ல காத்துக்கிட்டு இருக்கும். முன்னால அதை ஆட்டி வைக்கிற என்சிஎம்பிசிபிபி வச்சுக்கிட்டா டெர்மினல்லயே எல்லாம் நடக்கும். போன்ல ஒரு அப் போட்டா அடுப்படியில இருந்துக்கிட்டே அப்பாயிக்குப் பாட்டு மாத்தலாம். டெர்மினலை மூடினாலும் பாட்டு நிக்காது. கன்ஃபிக் கோப்புல மியூசிக் டைரக்டரி ஒரு வரி, ஓடியோ அவுட்புட் நாலு வரி, முடிஞ்சிச்சு. யூசர் சர்வீஸா ஓட விடுங்க, ரூட்டா ஓட விடாதீங்க. டேட்டாபேஸ் கோப்பை எங்க வைக்கிறீங்கன்னு கவனிங்க, எழுத அனுமதி இல்லாத இடத்துல வச்சுட்டு அப்டேட் ஆகலன்னு அழுறவங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன். பாட்டு ஃபோல்டருக்கும் வாசிக்கிற அனுமதி இருக்கணும். பென் டிரைவ்ல பாட்டு வச்சு சிம்லிங்க் போடுறவங்க டிரைவைக் கழட்டின பிறகு அப்டேட் அடிச்சுட்டு பாட்டெல்லாம் போயிருச்சுன்னு வருவாங்க, அதுக்கும் நான் பொறுப்பில்ல. புது சோர்ஸை நெட்ல உள்ள கிட் களஞ்சியத்துல இருந்து இழுத்திருந்தா இந்த சேனல் பிரச்சினையே வந்திருக்காது, அதை எப்பவோ சரி பண்ணிட்டாங்க.

என் அனுபவம் கேட்டீங்கல்ல. அக்கா கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி சிமஸ் கட்டினேன். நிமிஷம் ஓடுது, சத்தம் இல்ல. ஒலியைக் கூட்டினேன், கூட்டினேன், நூறு வரைக்கும். முன்வாசல்ல பெரியப்பா பார்த்துக்கிட்டிருந்த பெரிய டிவியில இருந்து கானா பாட்டு வெடிச்சிச்சு. டிவிக்குக் குடுத்த எச்டிஎம்ஐ வயரை நான் கழட்டல, லினக்ஸ்ல சத்தத்தைப் பார்த்துக்கிற ஆல்சாவுக்கு 0-ஆவது கார்ட் எச்டிஎம்ஐ, ஸ்பீக்கர் 1-ஆவது. ஏபிளேல பட்டியலைப் பார்த்துட்டு ஏசவுண்ட்ஆர்சி கோப்புல ஒரு வரி போட்டேன், சரியாச்சு. பெரியப்பா நாலு நாள் என்கூடப் பேசல.

பேராதனைப் பெடியன்

நோர்வூட் அண்ணை, குறை நினைக்காதேங்கோ. எம்பிடியும் அந்த எஃப்எஃப்எம்பெக்கைத்தான் கூப்பிடுது. பழைய எம்பிடி சோர்ஸை எஃப்எஃப்எம்பெக் 7-ஓட கட்டப் பாத்தாலும் இதே பிழைதான் வரும். அவருக்கு சிக்னல் இல்லை எண்டு சொல்லிப்போட்டார், நீங்கள் கிட்ல இருந்து இழு எண்டுறீங்கள். எதால இழுக்கிறது, கயித்தாலயோ?

என்ரை கதை வேற. ஹொஸ்டல்ல இருக்கேக்க சிமஸில கீழ ஒரு வரி சேர்த்தனான், பாட்டு மாறேக்க பேர் அதில ஓடவேணும் எண்டு. பேரை வைக்க 64 பைட்டுக்கு ஒரு பஃபர், அளவுக்கு மேல போகாமல் வெட்டி எழுதுற எஸ்என்பிரிண்ட்எஃப். ஓவர்ஃப்ளோ வராது எண்டு பெருமை வேற. ஒரு கிழமை நல்லா ஓடினது. பிறகு சில பாட்டுக்கு மட்டும் வரியின்ர கடைசியில கறுப்பு வைரத்துக்குள்ள கேள்விக்குறி. சில பாட்டுக்கு இல்லை. நீளமான பேருக்கும் சிலநேரம் ஒண்டும் இல்லை. பிழை தேடுற ஜிடிபி கருவியைப் போட்டு ஒவ்வொரு பைட்டா எண்ணினன், விடிய மூண்டு மணி மட்டும். அறைத்தோழன் போர்வைக்குள்ள இருந்து "என்னடா, உனக்குச் சோதனை நாளைக்கெல்லோ" எண்டு கத்துறான்.

விசயம் இதுதான். தமிழில ஒவ்வொரு குறியீடும் யூடிஎஃப்-8 எழுத்துமுறையில 3 பைட். பேர் முடிஞ்சுது எண்டு காட்டுற சுழியத்துக்குக் கடைசி பைட் போக மிச்சம் 63. அறுபத்து மூண்டை மூண்டால வகுத்தா மீதி இல்லாமல் 21. அதாலை இடைவெளி இல்லாத தமிழ்ப் பேர் எவ்வளவு நீளமாய் இருந்தாலும் எழுத்தின்ர எல்லையிலதான் வெட்டுப்படும். ஒரு இடைவெளி வந்தா அது ஒரு பைட், கணக்குப் பிழைக்கும், எழுத்து நடுவில அறுபடும். மூண்டு இடைவெளி இருந்தா திரும்பவும் சரி! பிழை விட்டது நான், ஆனால் அந்த 63 எனக்கு ஒரு கிழமை உதவி செய்து ஏமாத்தினது. பஃபரை 60 எண்டு வச்சிருந்தா முதல் நாளே பிடிச்சிருப்பன்.

கொட்டகலை அண்ணை 2 எண்டு எழுதினதை யாரும் சிரிக்கத் தேவையில்லை. எல்லாரும் எங்கையோ ஒரு 2 எழுதித்தான் வச்சிருக்கிறம்.

பண்டாரவளை மிஸ்

வணக்கம். நான் கணினி படிப்பிக்கிறேன், ஆனா இது பள்ளிக்கூடத்துல சொல்ற கதை இல்ல.

அப்பா பண்டாரவளை பஸ் ஸ்டாண்ட் பக்கம் வாங்கி வச்ச எம்பி3 சீடி ஒரு பெட்டி நிறைய. டேக் (பாட்டுப் பேர், பாடினவங்க விவரம்) எல்லாம் பாமினி எழுத்துருவுல அடிச்சது. அந்தக் காலத்துல நம்ம ஊர்ல கல்யாண அட்டையில இருந்து துண்டுப்பிரசுரம் வரைக்கும் பாமினிதானே. விண்டோஸ்ல எழுத்துருவை மாத்தினா தமிழ் தெரியும். டெர்மினல்ல எல்லாத்துக்கும் ஒரே எழுத்துரு, அதனால "தமிழ்"ங்கிற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளின்னு நிக்கும். சிமஸ்ல ஐடி3 டேக்குக்கு எழுத்துக்குறி மாத்துற செட்டிங் இருக்கு, ஆனா அது இங்க உதவாது. டிஸ்கிங்கிற பழைய தமிழ்க் குறிமுறைன்னா, எழுத்துக்குறி மாத்துற ஐகான்வ் புரிஞ்சுக்கும். பாமினி வெறும் ஆங்கில எழுத்து, தமிழ் வேஷம் போட்டிருக்கு. மாத்துறதுக்கு இங்க ஒண்ணும் இல்லன்னு கணினி நினைக்கும்.

அதனால நானே மாத்துற ஸ்கிரிப்ட் ஒண்ணு எழுதினேன். கஷ்டம் கொம்புல. பாமினியில கண்ணுக்குத் தெரியற வரிசையில கொம்பு முதல்ல வரும், யூனிகோட்ல எழுத்துக்குப் பிறகு வரணும், இடம் மாத்தணும். ரெண்டு ராத்திரி. டேக் எல்லாத்தையும் டெக்ஸ்ட் கோப்புகளா எடுத்து வச்சு, அந்த ஃபோல்டர்ல இருக்கிற எல்லாக் கோப்புக்கும் ஓட்டுன்னு ஸ்கிரிப்டுக்குச் சொன்னேன்.

அந்த ஃபோல்டர் சிமஸோட சோர்ஸ் ஃபோல்டர்.

பாமினியில ஆங்கில "ஐ" எழுத்து ஐகாரக் கொம்பு, ஆங்கில "எஃப்" எழுத்து க. ரெண்டும் சேர்ந்தா "கை". மறுநாள் மேக் அடிச்சா பிழை பிழையா ஸ்கிரீன் முழுக்க ஓடுது. கோப்பைத் திறந்து பார்த்தா ஒரு பாஷையிலயும் சேராத குப்பை, அதுக்குள்ள வாசிக்க முடிஞ்ச ஒரே சொல் கை. வரிக்கு வரி கை. சி கோடுல இஃப்ங்கிற ஆங்கிலச் சொல் இருந்த இடமெல்லாம் கை. நான் சிரிச்ச சிரிப்புல அம்மா பயந்துபோய் எழும்பி வந்துட்டாங்க. டார் கோப்பு இருந்ததால சோர்ஸ் பிழைச்சிச்சு. அப்பாவோட டேக் பட்டியலுக்கு வேற பிரதி இல்லாததால திரும்பவும் எடுத்தேன்.

பேராதனைத் தம்பிக்கு ஒண்ணு. உங்க வரி வெட்டுப்படாம இருந்தாலும் பக்கத்துப் பத்தி கோணும், கவனிச்சீங்களா? யூனிகோட் அட்டவணையில நம்ம ஈகாரக் குறியும் புள்ளியும் இடம் பிடிக்காத குறி. இகரக் குறி இடம் பிடிக்கிற குறி. அந்த அட்டவணையை அப்படியே நம்புற டெர்மினல்ல "கி" ரெண்டு கட்டம், "கீ" ஒரு கட்டம். நெடிலுக்கு இடம் குறைவு, குறிலுக்கு இடம் கூட! எந்தத் தமிழ் வாத்தியார்கிட்ட போய்ச் சொல்றது இதை?

பேராதனைப் பெடியன்

கவனிச்சனான் மிஸ். டெர்மினலை மாத்தினா வேற மாதிரிக் கோணும். எனக்கு ஒரு கட்டத்துக்கு மேல கோணினதே பழகிப்போச்சு.

தலவாக்கலை 13 மணி

என் பேரைப் பார்த்தாலே புரிஞ்சிருக்கும். 2022 மார்ச் கடைசி. ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்ல. எங்க வீட்டு ஜன்னலைத் திறந்தா மேல் கொத்மலை அணைக்கட்டு. 150 மெகாவாட், 2012-ல இருந்து ஓடுது. அதைப் பார்த்துக்கிட்டே மெழுகுவர்த்தி கொளுத்துவோம்.

லெப்டொப் பெட்டரி முழுசா ஏறினா 40 நிமிஷம். அதுக்குள்ள சிமஸைக் கட்டிடலாம்னு கணக்குப் போட்டேன். வைஃபையை அணைச்சு, ஸ்கிரீன் வெளிச்சத்தைக் குறைச்சு, கோப்புப் பேரு ஒவ்வொண்ணா வரிசையா இறங்குறதை இருட்டுல பார்த்துக்கிட்டு இருக்கேன். தங்கச்சி பக்கத்துல அதே வெளிச்சத்துல சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறா. எல்லாக் கோப்பும் முடிஞ்சு, கடைசியா ஒண்ணாச் சேர்ந்து லிங்க் ஆகணும். அந்த வரி வந்திச்சு. ஸ்கிரீன் செத்துச்சு. அவ புத்தகமும் போச்சு. "அண்ணே, உன் பாட்டுப் பெட்டிக்கு என் வெளிச்சத்தையும் சேர்த்துக் குடுத்துட்டியா"ன்னா.

விடிய கரண்ட் வந்ததும் மேக் அடிச்சேன். கோப்பு பாதியில அறுந்திருக்குன்னு லிங்கர் சொல்லிச்சு. கம்பைலர் குறையே சொல்லல. திரும்ப அடிச்சாலும் அதே. விடிஞ்சதுல இருந்து பத்து மணி வரைக்கும் சோர்ஸைத்தான் சந்தேகப்பட்டேன். லைப்ரரியைத் திரும்பப் போட்டேன். கடைசியில எதுக்கோ கோப்புப் பட்டியலைப் பார்க்கிறேன், கட்டும்போது உருவான நாலு ஓ கோப்போட அளவு 0. பெட்டரி செத்த நேரத்துல டிஸ்க்குல எழுதி முடியாம பேர் மட்டும் பதிஞ்சிருக்கு. மேக் நேரத்தைத்தானே பார்க்கும்? சோர்ஸைவிடப் புதுசா இருக்கு, அப்ப சரிதான்னு தொடாம விட்டிருக்கு. கட்டினதை எல்லாம் அழிக்கிற மேக் கிளீன். அவ்வளவுதான் மருந்து. அடிச்சு முடிச்சு மேக்னு தட்டினதும் திரும்பவும் கரண்ட் போச்சு.

தங்கச்சி இப்ப மிஸ் ஆயிட்டா. இன்னைக்கும் வீட்ல லைட் மினுக்கினா என்னைத்தான் பார்ப்பா.

லிந்துலைக்காரன்

மேல உள்ள அண்ணன் சொன்னது மாதிரியே, ஆனா மொக்ங்கிற இன்னொரு டெர்மினல் பிளேயர். கரண்ட் போய் வந்த பிறகு அதைத் திறக்கிற எம்ஓசிபி கட்டளையை அடிச்சா, சர்வர் ஏற்கனவே ஓடுது, பிராசஸ் எண் இத்தனைன்னு சொல்லும். ஓடல. அந்த எண் பதிஞ்ச பிஐடி கோப்பை அழிச்சாத்தான் எழும்பும். அழின்னு அதுவே கீழ எழுதிக் காட்டுது, நான் அந்த ரெண்டாவது வரியை மூணு மாசமா வாசிக்காம சிஸ்டத்தை ரீஸ்டார்ட் பண்ணிக்கிட்டு இருந்தேன். அவ்வளவுதான்.

நோர்வூட் நெட்வேர்க்

யூபிஎஸ் ஒண்ணு வாங்கியிருந்தா இந்த ரெண்டு கதையும் இல்ல. யூபிஎஸ் வாங்கும்போது விஏ-வை மட்டும் பார்க்காதீங்க, உள்ள இருக்கிற பெட்டரி எத்தனை ஆம்பியர்-மணின்னு கேளுங்க. குளிர் ஊர்ல ஈய அமில பெட்டரி சீக்கிரம் சோரும். ரூட்டரைத் தனியா ஒரு சின்ன மினி யூபிஎஸ்ல போடுங்க.

தலவாக்கலை 13 மணி

2022-ல யூபிஎஸ். அண்ணே, பால்மாவுக்கே வரிசையில நின்னோம்.

ராகலை ரேடியோக் கடை

பிள்ளைகள் எல்லாம் கணினியைப் பற்றி எழுதுகிறீர்கள். எனக்கு அதில் கால்வாசிதான் விளங்கும். மகன் வாசித்துக் காட்டினான். முப்பது வருஷம் டவுனில் ரேடியோ, டேப் திருத்தினவன் நான். கொட்டகலைத் தம்பிக்கு மட்டும் எழுதுகிறேன்.

தம்பி, 86-ல் உங்கள் லயத்தில் கரண்ட் இருந்ததா? அப்பாயியைக் கேளுங்கள். இருந்திருக்காது. பெரிய பெட்டரி நாலோ ஆறோ போட்டுத்தான் செட் ஓடியிருக்கும். அது லேசான சாமானா? சம்பளம் போட்ட வாரம் புதுசு வாங்குவார்கள், பிறகு வெயிலில் காய வைத்து, பல்லால் கடித்து, மாதக்கடைசி வரைக்கும் ஓட்டுவார்கள்.

கேசட் நாடா ஒரு செகண்டுக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓட வேண்டும். பெட்டரி இறங்கினால் மோட்டர் சோர்ந்துவிடும், நாடா மெதுவாக ஓடும். மெதுவாக ஓடும்போது பதிந்ததை, இன்றைக்கு நல்ல கரண்டில் போட்டால் வேகமாகத்தான் பாடும். குரல் சன்னமாகும். எங்கள் கடைக்கு இப்படி எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் தெரியுமா. "மாமா, செட் கெட்டுப்போச்சு, அம்மா பேசினது குழந்தை மாதிரிக் கேட்குது." செட்டில் ஒரு குறையும் இருக்காது. ஒரு முறை ஒரு பெண் பிள்ளை, வெளிநாட்டில் இருந்து புருஷன் அனுப்பின கேசட்டைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்து அழுதது, வேறு யாரோ பேசி அனுப்பியிருக்கிறார்கள் என்று. நான் மோட்டரின் திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வேகத்தைக் குறைத்தேன். ஒரு இடத்தில் அந்தப் பிள்ளை கையைத் தூக்கி "போதும்" என்றது. அவ்வளவுதான். கேட்டு முடித்த பிறகு திருகாணியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேனா என்பது இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இல்லை. அது அவளுடைய செட். மற்றப் பாட்டெல்லாம் அதில் இழுத்திருக்கும், பாவம்.

ஆனால் உடனே பெட்டரி என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் மாமாவின் செட்டைச் சோதியுங்கள். கடையில் வாங்கின சினிமாப் பாட்டுக் கேசட் ஒன்றை அதில் போட்டு, அதே பாட்டை போனில் போட்டு, பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். ரெண்டும் ஒரே சுருதி என்றால் செட் நிரபராதி.

மகன் சொல்கிறான், வேகத்தையும் சுருதியையும் சேர்த்துக் குறைக்க சொக்ஸ் என்று ஒன்று இருக்கிறதாம், அதில் "ஸ்பீட்" என்பதுதான் வேண்டும், "டெம்போ" அல்ல, டெம்போ குரலைத் தொடாமல் வேகத்தை மட்டும் மாற்றுமாம். அது எம்4ஏ வாசிக்காதாம், முதலில் வாவ் ஆக்க வேண்டுமாம். எண்ணை நீங்கள் தேடாதீர்கள். அப்பாயியைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

கொட்டகலைக் குளிர்

மாமா, கும்பிடுறேன். ரெண்டு நாள் சி கோடு வாசிச்சேன், கேசட்டை ஒரு தடவைகூட சந்தேகப்படல.

லயத்துக்குக் கரண்ட் வந்தது 90-க்குப் பிறகுன்னு அப்பாயி சொன்னாங்க. எங்க மாமா செட்டுல சினிமா கேசட் போட்டேன், போனோட சரியாப் பொருந்துது. அப்புறம் சொக்ஸ். 0.98, இல்லன்னாங்க. 0.96, "கிட்ட வந்துட்டாரு." 0.94-க்கு ஒண்ணும் சொல்லல, தப்புக்குத் தொடையில தாளம் போட ஆரம்பிச்சாங்க. நான் அதையே பதிலா எடுத்துக்கிட்டேன்.

ஆனா 25 நிமிஷத்துக்கு மேல போகப் போக மறுபடி குரல் ஏறுது. பெட்டரி பாடப் பாட இறங்கியிருக்கு. கடைசி அஞ்சு நிமிஷத்துக்கு 0.88 வேண்டியிருக்கு. இப்ப அஞ்சஞ்சு நிமிஷத் துண்டா வெட்டி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண் குடுத்து ஒட்டுறேன். அப்பாயி ஒவ்வொரு துண்டுக்கும் உட்கார்ந்தாங்க, நடுவுல ரெண்டு தடவை தேத்தண்ணி. 0.88-ல கேட்டப்போ, பாட்டுக்கு நடுவுல யாரோ பின்னால இருந்து "போதும் மாமா, லைட்டு மங்குது"ன்னு சொல்றது விளங்கிச்சு. வேகமா ஓடும்போது அது வெறும் கீச்சுன்னு போயிருச்சு. அது யாரு குரல்னு வீட்ல இன்னும் சண்டை ஓடுது. எங்க மாமா தான்தான்னு சொல்றாரு, அப்பாயி அவருக்கு அப்ப ஏழு வயசுன்னு சொல்றாங்க.

ஒட்டுற இடத்துலதான் பிரச்சினை. ஒவ்வொரு ஒட்டுலயும் தப்பு ஒரு அடி துள்ளுது. நாளைக்கு விடிய கொழும்பு பஸ். யாருக்காவது வழி தெரியுமா?

ராகலை ரேடியோக் கடை

அஞ்சு நிமிஷம் என்று கணக்குப் பார்த்து வெட்டாதீர்கள் தம்பி. தாத்தா மூச்சு வாங்குகிற இடம் பார்த்து வெட்டுங்கள்.